பாட்டுக்குப் பின்னால் ஒரு தொழில்

சென்ற வருடம் மாரி தொடங்கும் நேரத்தில் விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி என்னைத் தேடி வந்தார். வயது நாற்பதைக் கடந்தவர். ஒரு காலில் இன்னும் செல் துண்டு இருக்கிறது. அதனால் நீண்ட நேரம் நிற்க முடியாது. கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். கோழி வளர்ப்பும் தையலுமாகக் குடும்பம் ஓடுகிறது. ஓர்கன் ஒன்றும் கணினி ஒன்றும் வாங்குவதற்கு ஒரு நுண்கடன் நிறுவனம் கடன் தருவதாகச் சொல்லியிருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"உங்களுக்கு ஓர்கன் வாசிக்கத் தெரியுமோ அக்கா?" என்று கேட்டேன்.

"வாசிக்கிறது கொஞ்சந்தான் தங்கச்சி. ஆனா ஒலிப்பதிவு செய்யத் தெரியும். வெட்டி ஒட்டி, குரலையும் இசையையும் அளவு பாத்துச் சேத்துக் குடுக்கத் தெரியும். முந்தி அதுதானே என்ர வேலை."

முந்தி எங்கே என்று நான் கேட்கவில்லை. வன்னியில் அப்படிக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. 2009க்குப் பின்னர் தம் கையில் இருந்த தொழிலை யாரிடமும் சொல்லாமல் வாழ்கிற பெண்கள் பலரை இந்த வேலையில் சந்தித்திருக்கிறேன். தட்டச்சு தெரிந்தவர்கள், ஒளிப்படம் எடுக்கத் தெரிந்தவர்கள், காயத்துக்கு மருந்து கட்டத் தெரிந்தவர்கள். வாழ்வாதார உதவிக்கான படிவத்தில் "முன் அனுபவம்" என்ற இடத்தில் ஒரு கோட்டைப் போட்டுவிடுவார்கள். நாங்களும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு "கோழி வளர்ப்பு" என்று எழுதிவிடுவோம். எங்கள் திட்டங்களில் பாதி கோழியும் தையலுமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த அக்காவிடம் கடன் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன், அதற்குப் பதிலாக அவர் என்ன செய்தார் என்பதை எழுதினால் இதே கைத்திறன் உள்ள வேறு சகோதரிகளுக்கும் உதவும். ஒலிப்பதிவும் இசைச் சேர்க்கையும் தெரிந்த பெண்கள் நாங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் தானாகவே பழகிக்கொண்ட இளம் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடன் வாராவாரம் வரும், பாட்டு வேலை வராது

நுண்கடன் பற்றி எங்கள் வாசகிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அந்த வட்டிக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்தவர்கள் எங்கள் கிராமங்களில் இருக்கிறார்கள்.

இசை வேலைக்குக் கடன் எடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வேலை பருவத்துக்கு வருகிற வேலை. தை, மாசியில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள். பங்குனியிலிருந்து கோயில் திருவிழாக்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் என்றால் முல்லைத்தீவு முழுவதும் ஒலிபெருக்கிதான். ஒக்டோபரில் சிறுவர் தினம், ஆசிரியர் தினம், அதை ஒட்டி வாணி விழா. மார்கழியில் ஒளிவிழா. இவற்றுக்கு இடையில் பல வாரங்கள் வெறுமையாகப் போகும். கடன் அறவிட வருகிறவரோ மாரி, கோடை பார்ப்பதில்லை. வாராவாரம் படலையில் நிற்பார்.

ஆகவே முதலாவது விதி: வருமானம் தொடங்கும் முன் கருவிக்காகக் கடன்படக் கூடாது. இரவல் வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், சங்கமாகச் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பங்கிடலாம். இது வெறும் ஏழ்மையான யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். உலகப் புகழ் பெற்ற இரண்டு தமிழ் இசைக் கலைஞர்கள் இப்படித்தான் தொடங்கினார்கள்.

வாடகைக்கு விட்ட தாய், இரவல் வாங்கிய மகள்

ஏ.ஆர்.ரகுமானைத் தெரியாதவர் இல்லை. அவரது தாயைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தந்தை ஆர்.கே.சேகர் மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். 1976 இல் அவர் நோயால் இறந்தபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. கூடவே மூன்று சகோதரிகள். வீட்டில் இருந்தவை கணவர் விட்டுப்போன இசைக் கருவிகள்தாம். அவற்றை விற்று, வரும் பணத்தின் வட்டியில் வாழும்படி மற்றவர்கள் ஆலோசனை சொன்னார்கள். அந்தத் தாய் விற்கவில்லை. கருவிகளை மற்ற இசைக்குழுக்களுக்கு வாடகைக்கு விட்டு நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். பின்னாளில் மகன் சொந்தமாக ஒலிப்பதிவுக் கருவி வாங்க விரும்பியபோது தன் நகையை விற்றுக் கொடுத்தார் என்று ரகுமானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். (எங்களில் பலருக்கு 2009 உடன் நகையும் போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். அதனால் நகையை அல்ல, வாடகையைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.) கரீமா பேகம் என்ற அந்தத் தாய் 2020 டிசம்பரில் காலமானார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1992 இல் "ரோஜா" படம் வரும்வரை ரகுமானுடைய முக்கிய உழைப்பு மற்றவர்களின் குழுவில் கீபோட் வாசிப்பதும், சில விநாடிகளே ஒலிக்கும் விளம்பர இசை செய்து கொடுப்பதும்தான். கைக்கடிகாரத்துக்கு, கோப்பிக்கு என்று நூற்றுக்கணக்கில் செய்தார்.

மற்றவர் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986 இல் தாயுடனும் சகோதரங்களுடனும் மீண்டும் லண்டனுக்கு அகதியாகப் போனவர். தாய் தையல் வேலை செய்தவர். மாதங்கி முறையாக இசை படித்தவர் அல்ல. படித்தது திரைப்படமும் ஓவியமும். ஓர் ஆங்கிலப் பாடகியிடம் இருந்த றோலண்ட் நிறுவனத்தின் எம்.சி.505 என்ற தாளக் கருவியை இரவல் வாங்கி, ஒரு பழைய நாடாப் பதிவுக் கருவியையும் வைத்துக்கொண்டு முதல் பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்றுதான் 2003 இல் வெளிவந்து பெயர் பெற்ற "கலாங்". 2005 இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் பெயரையும், 2007 இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரான "கலா" என்பதையும் வைத்தார்.

இவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரு பாடல் "ஸ்லம்டோக் மில்லியனர்" படத்தில் இடம்பெற்று ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த விழா நடந்தது 2009 பெப்ரவரி 22. வேறொரு பாடலுக்கும் பின்னணி இசைக்குமாக ரகுமான் இரண்டு விருதுகள் பெற்று மேடையில் தமிழில் பேசிய நாள் அது. அந்த நாளில் எங்கள் சனம் எங்கே இருந்தது, என்ன சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு நான் எழத வேண்டியதில்லை.

ஊரிலேயே இருக்கும் வேலை

பாடுகிறவர் ஒருவர் புகழ் பெறுவார். 2023 டிசம்பரில் அரியாலைச் சிறுமி கில்மிஷா இந்தியத் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் மேடையில் ஒருவர் பாட, பின்னால் இசை சேர்ப்பவர், ஒலி கலப்பவர், பதிவைச் சுத்தம் செய்பவர் என்று பலர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குக் குரல் வளமோ அழகோ தேவையில்லை. நல்ல காதும் பொறுமையும் போதும். வீட்டிலிருந்து செய்யலாம், இருந்துகொண்டே செய்யலாம். காலில் காயமுள்ளவருக்கும், கண்பார்வை குறைந்தவருக்கும் ஏற்ற தொழில். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பு மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் ஒலிப்பதிவு மென்பொருட்கள் உண்டு.

விசுவமடு அக்காவுக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு முச்சக்கர வண்டி அறிவிப்பு. புதிதாகத் திறந்த கடை ஒன்றுக்காக வீதி வீதியாகப் போகும் வண்டியில் போடுவது. கடைக்காரர் தானே கைத்தொலைபேசியில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். பின்னால் சினிமாப் பாட்டு, முன்னால் காற்றுச் சத்தம், நடுவில் அவருடைய குரல். ஒன்றும் விளங்காது. அக்கா அதை வாங்கிக் கேட்டுவிட்டு, தன் மகளைக் கொண்டு பேசவைத்து, பறையும் உடுக்கும் கலந்த ஒரு சிறு தாளத்தைத் தானே செய்து பின்னால் போட்டுக் கொடுத்தார். நாற்பது விநாடி. கடையின் பெயர் மூன்று தரம், இடம் இரண்டு தரம்.

ஒரு மெட்டு ஒரு வியாபாரத்துக்கே அடையாளமாகும் என்பதை அறிய வெகுதூரம் போகத் தேவையில்லை. இலங்கையில் பாண் விற்கும் "சூன் பாண்" வண்டியில் ஒலிக்கிறதே, அது ஜேர்மனியரான பீத்தோவன் 1810 அளவில் பியானோவுக்கு எழுதிய மெட்டு. இன்று அதைக் கேட்டால் பீத்தோவன் நினைவுக்கு வருவதில்லை, மாலுபாண்தான் வருகிறது. எங்கள் ஊர் மீன் வண்டிக்கும் ஐஸ்கிறீம் வண்டிக்கும் சொந்தமாக ஒரு மெட்டு இருந்தால் என்ன?

இதைவிட நிரந்தரமான வேலை நடன ஆசிரியைகளிடம் இருக்கிறது. தமிழ்த்தினப் போட்டிக்கும் கலைவிழாவுக்கும் ஒவ்வொரு பாடசாலையும் நடனம் பழக்குகிறது. எட்டு நிமிடப் பாட்டை நான்கு நிமிடமாக்க வேண்டும், இரண்டு பாட்டுகளைச் சேர்க்க வேண்டும், சிறு பிள்ளைகளுக்காக வேகத்தைக் குறைக்க வேண்டும். பல ஆசிரியைகள் இதற்காக நகரத்துக் கடைகளுக்குப் போய்க் காத்திருந்து வருகிறார்கள். வெட்டிய இடம் தெரியாமல், தாளம் பிசகாமல் கொடுப்பவர் ஊரில் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் தேடி வருவார்கள். முன்பள்ளி ஆசிரியை ஒருவரிடம் நல்ல பெயர் எடுத்தால் போதும், மற்ற ஆசிரியைகளுக்கு அவரே சொல்லிவிடுவார்.

கோயில் பாடல் இறுவட்டுகள் முன்பு நன்றாக ஓடின. இப்போது இறுவட்டுப் போட வீடுகளில் கருவியே இல்லை. ஆனாலும் தம் ஊர்க் கோயிலுக்குப் பாட்டு வெளியிட விரும்பும் புலம்பெயர்ந்த உறவுகள் குறையவில்லை. பாட்டை இணையத்தில் போடுகிறார்கள், அவ்வளவுதான் மாற்றம். முப்பத்தோராம் நாள் நினைவுமலர் அச்சிடும் வழக்கம் போலவே, இறந்தவரின் குரலை, அவரைப் பற்றி உறவினர் பேசுவதைப் பதிவு செய்து வைக்கும் ஆசையும் வளர்ந்து வருகிறது. ஒரு தாயின் பழைய தொலைபேசிப் பதிவில் இருக்கும் இரைச்சலை நீக்கிக் கொடுத்தால் கனடாவிலிருக்கும் மகள் அதற்குக் கூலி தர யோசிக்கமாட்டாள்.

முல்லைத்தீவின் கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து, அருவி வெட்டுப் பாட்டு, தாலாட்டு என்று இன்னொரு பெரும் செல்வமும் எங்களிடம் உண்டு. பாடத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் உள்ள கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து, இப்படியான பதிவுகள் தேவைப்படும்போது அழைக்கும்படி பெயர் கொடுத்து வையுங்கள். ஒரு நிபந்தனை: பாடிய ஆச்சியிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும், பணம் வந்தால் அவருக்கும் பங்கு போக வேண்டும். அவருடைய பாட்டை வைத்து நாங்கள் மட்டும் உழைத்தால் அது சரியல்ல.

தகரக் கூரையின் கீழே

"ஸ்ரூடியோ இல்லையே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் தடை. ஒலிப்பதிவுக்கு முக்கியமாக வேண்டியது அமைதியும் எதிரொலி இல்லாமையும். தகரக் கூரையும் வெறும் சீமெந்துச் சுவரும் எதிரொலிக்கும். ஓலைக் கூரையும் மண்சுவரும் சத்தத்தை உறிஞ்சிவிடும். ஆகவே கல்வீட்டு அறையைவிடப் பழைய ஓலைக் குசினியில் பதிவு நன்றாக வரலாம்! ஓலை வீடு இல்லாதவர்கள் அறையில் கொடி கட்டி, மூன்று பக்கமும் போர்வையும் சேலையும் தொங்கவிட்டு, நடுவில் இருந்து பேசுங்கள். மழை பெய்யும்போது தகரத்தின் கீழ் ஒன்றும் செய்ய முடியாது. அன்று வெட்டி ஒட்டும் வேலையைப் பார்க்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம் ஊர் அடங்கியிருக்கும். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம்.

ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கமாக இருக்கட்டும். நேரே வைத்தால் "ப" வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். தையல் வேலை செய்யும் சகோதரிகளிடம் பூவேலை வளையம் இருக்கும். அதில் பழைய நைலோன் காலுறையை இழுத்துக் கட்டி முன்னால் வைத்தால் கடையில் விலைக்கு விற்கும் வடிகட்டியின் வேலையை அது செய்யும். பேசத் தொடங்குமுன் ஐந்து விநாடி சும்மா இருந்து அந்த அமைதியையும் பதிவு செய்யுங்கள். பின்னர் இரைச்சலை நீக்கும்போது எது இரைச்சல் என்று கணினிக்குக் காட்ட அது உதவும்.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் "ஓடாசிற்றி" பழைய கணினியிலும் ஓடும். பதிவு செய்ய, வெட்ட, இரைச்சல் நீக்க அது தாராளம். தாளமும் மெட்டும் அமைக்க "எல்.எம்.எம்.எஸ்." இலவசம். கணினியே இல்லாதவர்கள் கைத்தொலைபேசியில் "பான்ட்லாப்" செயலியில் தொடங்கலாம். மூலப் பதிவை எப்போதும் "வேவ்" வடிவத்தில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு மட்டும் "எம்.பி.3" ஆக்கிக் கொடுங்கள். எம்.பி.3 ஐ மீண்டும் மீண்டும் திறந்து திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும்.

விசுவமடு அக்கா தொடங்கியது தன் அண்ணர் மகனின் பழைய மடிக்கணினியில். ஒலிவாங்கி மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினுடையது; கூட்டத்துக்கு எடுப்பது போக மற்ற நாட்களில் பூட்டிக் கிடந்தது. சிறு வாடகை பேசி எடுத்துக்கொண்டார். ஓர்கன் இதுவரை வாங்கவில்லை. தாளம் வேண்டும்போது கணினியின் எழுத்துப் பலகையிலேயே தட்டுகிறார்.

எங்கட பிள்ளைதானே

தொழில்நுட்பத்தைவிடக் கடினமானது காசு கேட்பது. "எங்கட ஊர்ப் பிள்ளைதானே, பாட்டுத்தானே, ஒரு மணித்தியால வேலைதானே" என்பார்கள். கோயிலுக்கென்றால் கேட்கவே கூச்சம். கோயில் ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம் கொடுக்கிறது, மேளகாரருக்குக் கொடுக்கிறது, பந்தல்காரருக்குக் கொடுக்கிறது. அவர்கள் வாங்குவது பாவம் இல்லையென்றால் ஒலிப்பதிவு செய்த பெண் வாங்குவதும் பாவம் இல்லை.

கூலியை எப்படி நிர்ணயிப்பது? உங்கள் ஊர் நாட்கூலியை எட்டால் வகுத்தால் ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி வரும். உதாரணமாக நாட்கூலி 2,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் மணித்தியாலத்துக்கு 250 ரூபா. ஓர் அறிவிப்புக்குப் பேச்சு எழுத ஒன்று, பதிவுக்கு ஒன்று, வெட்டி இசை சேர்க்க இரண்டு, திருத்தம் கேட்டால் இன்னொன்று என்று ஐந்து மணித்தியாலம்: 1,250 ரூபா. அதோடு வாடகை, மின்சாரம், தரவுக் கட்டணம். இதற்குக் கீழே இறங்கினால் நீங்கள் உழைக்கவில்லை, கைக்காசு போட்டுச் சேவை செய்கிறீர்கள். கைதேர்ந்த பிறகு இதைவிடக் கூடக் கேட்கலாம். பாதிப் பணம் முற்கூட்டியே, மீதி கொடுத்த பின்பு. இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதற்குக் காசு. இவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.

அந்தத் தாளில் பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதும் இருக்க வேண்டும். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இசைக்கும் பொருந்தும். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. ஆக்கியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 70 வருடங்களும் அது நீடிக்கும். ஆனால் உரிமை யாருக்கு என்று எழுதி வைக்காவிட்டால் பிற்பாடு வழக்காடச் செலவழிக்க எங்களிடம் பணம் இல்லை. இதே சட்டத்தின் மறுபக்கம், சினிமாப் பாட்டை எடுத்து எங்கள் வேலையில் போட முடியாது. யூரியூப்பில் போட்டால் அது தானாகவே கண்டுபிடித்து வருமானத்தை உரிமையாளருக்குக் கொடுக்கும், அல்லது தடுத்துவிடும். திருமண, சாமத்திய வீட்டு வீடியோ எடுப்பவர்களுக்கு இதனால் பெரிய தலையிடி. அவர்களுக்குச் சொந்த இசை செய்து கொடுப்பதும் ஒரு வேலைவாய்ப்பு.

யூரியூப்பில் நாங்களே உழைக்கலாமா என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். உழைக்கலாம், ஆனால் அதை நம்பி அடுப்பு வைக்க முடியாது. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும், ஒரு வருடத்துக்குள் 4,000 மணித்தியாலப் பார்வையும் சேர வேண்டும். கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிசெய்ய ஓர் இலக்கம் கடிதமாகத் தபாலில் வரும். 100 டொலர் சேர்ந்த பிறகே பணம் வங்கிக்கு வரும். வீட்டு இலக்கம் இல்லாத மீள்குடியேற்றக் கிராமத்தில் அந்தக் கடிதம் வந்து சேருவதே பெரும்பாடு. தபாற்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கணினியே பாட்டுச் செய்யும் காலம் வந்துவிட்டதே, இனி எங்களுக்கு வேலை இருக்குமா என்றும் ஒருவர் கேட்டார். பொதுவான பின்னணி இசையை இயந்திரம் மலிவாகச் செய்துவிடும், அதில் போட்டி போட வேண்டாம். ஆனால் ஒட்டுசுட்டானில் பேசுகிற மாதிரி ஒரு குரலும், எங்கள் பறையின் அடியும், பாடசாலைப் பிள்ளையின் காலுக்கு ஏற்ற வேகமும் பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். அறிவிப்புகளைச் சிங்களத்திலும் பேசத் தெரிந்த சகோதரிகளுக்கு இன்னும் கேள்வி உண்டு.

ஐந்தாறு வேலை செய்து கையில் சிறிது பணம் சேர்ந்ததும் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்யுங்கள். நிறுவனங்களும் பாடசாலைகளும் பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் தரமாட்டா. நிலக்கண்ணி அகற்றும் வேலையில் இருக்கும் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கை அந்த வேலையை முடிக்க வேண்டிய சர்வதேசக் காலக்கெடு 2028 ஜூன். மாதச் சம்பளம் இருக்கும்போதே இப்படியான ஒரு கைத்தொழிலைப் பழகி வைப்பது, சம்பளம் நின்ற பிறகு தேடுவதைவிட இலகு.

விசுவமடு அக்கா போன கிழமை எனக்குத் தொலைபேசியில் ஒரு பதிவு அனுப்பியிருந்தார். தன் மாமியாரைக் கொண்டு பாடுவித்த தாலாட்டு, மூன்று நிமிடம். லண்டனில் ஒரு பேரப்பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்காகக் கேட்டிருக்கிறார்கள், முற்பணமும் வந்துவிட்டது. "இரைச்சல் எல்லாம் எடுத்திட்டன் தங்கச்சி. இரண்டாம் நிமிசத்தில எங்கட சேவல் ஒருக்கால் கூவுது, அதை மட்டும் எடுக்கேலாமக் கிடக்கு" என்றார். அனுப்பிக் கேட்டாராம். அது இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று லண்டனிலிருந்து பதில் வந்திருக்கிறது.